பெயின்ட் அடிப்பதற்கு முன் காரைத் தகரம் தெரியும்வரை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டுமா?

வேண்டாம். பழைய பெயின்ட் உரியாமல், வெடிக்காமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதன்மேலேயே புதிதாக அடிக்கலாம். பளபளப்பு போய் ஒரே சீராக மங்கினால் போதும். துருப் பிடித்த இடத்திலும் பெயின்ட் பொரிந்து கிளம்பிய இடத்திலும் மட்டும் தகரம் வரை போங்கள்.

தேய்ப்பதற்கு முன்பே சோப்புப் போட்டுக் கழுவி, வாக்ஸ் நீக்கும் திரவத்தால் துடைத்துவிட வேண்டும். பலர் தேய்த்த பிறகுதான் இதைச் செய்கிறார்கள். பழைய பாலிஷில் இருக்கும் வாக்ஸும் சிலிகானும் தேய்க்கத் தேய்க்கக் கீறல்களுக்குள் இறங்கிவிடும். அப்புறம் புது பெயின்ட் அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கும்.

நான் முதன்முதலில் கெடுத்தது என் பழைய காரின் கதவை. நெளிவுக்குப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு, காய்ந்ததும் தண்ணீர் விட்டு வழவழவென்று தேய்த்தேன். பெயின்ட் அடித்த அன்று அருமையாக இருந்தது. சில மாதங்களில் அந்த இடத்தில் மட்டும் அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள்! பட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் மூடியதும் ஈரம் போக வழியில்லாமல் பெயின்டைத் தூக்கும், அடியில் தகரத்தையும் அரிக்கும். அதனால் பட்டியை உலர்வாகவே தேயுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு: 80, 180, 320 என்ற எண் பேப்பர்களால் வரிசையாக. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த பிரைமர், அதாவது பெயின்டுக்கு அடியில் போடும் பூச்சு, அடித்து அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அந்த இடத்தில் தண்ணீர் படலாம்.

பழைய பெயின்டைத் தண்ணீர் விட்டே தேய்க்கலாம், 400 எண் பேப்பரில் ஆரம்பித்து 600-ல் முடிக்கலாம். மெட்டாலிக் நிறம் என்றால் 800 வரை போங்கள், அதில் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். பேப்பரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். ரப்பர் கட்டை அவசியம். பானெட் விளிம்பு, கதவின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பெயின்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவைத்து, கடைசியில் எடுத்துவிட்டுக் கையால் லேசாக நாலு இழுப்பு இழுத்தால் சரி.

வழியும் தண்ணீரையும் கவனியுங்கள். பால்போல் வந்தால் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, தேய்கிறது. கார் நிறத்தில் வந்தால் அதைத் தாண்டிவிட்டீர்கள். மறுபடி பெயின்ட் அடிக்கப் போவதால் அது பரவாயில்லை, பிரைமர் எட்டிப்பார்த்தால் மட்டும் அங்கே நிறுத்துங்கள். (வெள்ளைக் கார்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை, பாவம்.)

புது பிரைமர் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரேயைப் பனிபோல் தூவிவிட்டுத் தேயுங்கள். கறுப்பு போகாமல் நிற்கும் இடம் பள்ளம். இதற்குச் செலவாகும் ஐந்து நிமிடம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஈரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள், நனைந்தால் எல்லாமே பளபளக்கும். துடைத்துக் காயவிட்டு, பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் பாருங்கள். இன்னும் மின்னுகிற இடத்தில் புது பெயின்ட் பிடிக்காது.

கடைசியாக, இடுக்குகளில் தேங்கிய தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். அந்தக் கதவை நான் இரண்டாம் முறை செய்தபோது, கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சொட்டு இறங்கி ஈரப் பெயின்டில் நீளமாகக் கோடு போட்டது. மூன்றாம் முறையும் தேய்த்தேன்.