இதழ் அட்டையில் தாய்மை: ஊடகவியல் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

தாய்மையையும் பண்பாட்டு ஸ்டீரியோடைப்பையும் ஒரு பத்திரிகை அட்டையை வைத்து ஆராய வேண்டும், எந்த அட்டையை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மலையாள இதழான 'கிருகலட்சுமி'யின் 2018 மார்ச் அட்டையை எடுங்கள். மாடல் கிலு ஜோசப் ஒரு குழந்தைக்குப் பாலூட்டியபடி நேராக நம்மைப் பார்ப்பார். 'முறைத்துப் பார்க்காதீர்கள், நாங்கள் பாலூட்ட வேண்டும்' என்று கேரளத்திடம் அம்மாக்கள் சொல்வதாக வாசகம்.

முதல் பத்து நிமிடம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். 'அழகான', 'துணிச்சலான', 'ஆபாசமான' என்று ஒரு அடைமொழிகூட வேண்டாம். பெரும்பாலான கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன. ஆபாசமா இல்லையா என்பது சட்டக் கேள்வி. அதற்குக் கேரள உயர் நீதிமன்றம் அதே ஆண்டு, ஆபாசம் இல்லை என்று அட்டைக்கு எதிரான மனுவைத் தள்ளுபடி செய்து பதில் சொல்லிவிட்டது. உங்கள் கேள்வி வேறு: இந்தப் படம் யாரைத் 'தாய்' என்று ஏற்கச் சொல்கிறது?

அதற்கு நீக்கிப் பார்க்கும் சோதனை உதவும். மாடலின் வகிட்டுக் குங்குமத்தையும் தாலியையும் மனதுக்குள் அழித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அதே பெண், அதே குழந்தை. ஆனால் 'இவர் யார், கல்யாணம் ஆனவரா' என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதே அந்த இரண்டு பொருள்களின் வேலை. பாலூட்டும் உரிமையைக் கேட்கிற அட்டையே, மணமான இந்துப் பெண் என்ற அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறது. என் பார்வையில் கட்டுரையின் மையம் இதுதான். மாடல் நிஜத்தில் தாய் அல்ல, கிறிஸ்தவர் என்று அன்று எழுந்த சர்ச்சையையும் இங்கேயே சேருங்கள். ஆனால் அவரை எடை போடாதீர்கள். அவருக்குப் போடப்பட்ட வேடத்தைப் பற்றி எழுதுங்கள்.

அடுத்து வாசகம். மலையாளத்தில் இருப்பது 'ஞங்ஙள்'. நம் 'நாங்கள்' போலவே கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல். ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து எழுதுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அட்டையை வாங்கும் நீங்கள் அந்த 'நாங்க'ளில் இல்லை. முறைக்கும் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அவர் கண் நேராக நம்மைப் பார்ப்பதும் இதோடு பொருந்துகிறது.

இல்லாததையும் குறியுங்கள். பொது இடத்தில் பாலூட்டுவது பற்றிய அட்டையில் பேருந்து நிலையமோ சந்தையோ இல்லை.

'மூடுவதே நம் பண்பாடு' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். அதே நிலத்தின் பழைய திருவிதாங்கூரில், மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் போராடித்தான் 1859இல் மகாராஜாவின் அறிவிப்பைப் பெற்றார்கள். யார் மூடலாம், யார் மூடக் கூடாது என்பதைச் சாதி முடிவு செய்த காலம் அது.

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் 'டைம்' இதழ், 2012 மே 21. மூன்று வயதுப் பையன் நாற்காலியில் ஏறி நின்று பால் குடிக்கிறான். அம்மா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். தலைப்பு, 'நீ போதுமான அம்மாதானா?' என்று பெண்களையே கேட்கிறது. கேரள அட்டையில் அம்மாக்கள் ஊரைக் கேட்கிறார்கள். 'டைம்' அட்டையில் பத்திரிகை அம்மாவைக் கேட்கிறது. கேள்வி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை இரண்டு அட்டைக்கும் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள், ஒப்பீட்டுப் பத்தி தானாக வந்துவிடும்.