இருப்பை எழுதாமல் இலக்கை எழுதாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

வயது 47, எடை 84 கிலோ, எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைச் சராசரி 8.1. மூன்று மாதத்தில் 15 கிலோ குறைப்பது, சர்க்கரையை நார்மலாக்குவது, யோகா, அதிகாலை எழுவது, கடையை விரிவாக்குவது என்று 11 இலக்கு எழுதியிருக்கிறேன். சரிதானே? – காரைக்குடி

இது திட்டமல்ல, மளிகைச் சீட்டு. இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளுங்கள். 15 கிலோவை ஐந்தாக்குங்கள். உடல் எடையில் 5-7 சதவீதம் இறங்கினாலே சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். கிலோ என்பது தானாக வரும் பலன். உங்கள் கையில் இருப்பதை எழுதுங்கள்: வாரம் ஐந்து நாள் அரை மணி நேர வேக நடை, மதியம் மூன்று கரண்டி சாதம் என்றால் இனி ஒன்றரை, மீதி இடத்தில் காயும் பருப்பும். எச்பிஏ1சியை மாதாமாதம் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். அது இரண்டு மூன்று மாதச் சராசரி. 12ஆம் வாரக் கடைசியில் எடுத்தால் போதும். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் சாதத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருக்க, சோறு மட்டும் பாதியானால் மயங்கி விழ நேரும்.

சுகர் 180. என்ன திட்டம் போடலாம்? – ஊர் எழுதவில்லை

ஊர் போகட்டும், வயது எங்கே? 180 வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு இரண்டு மணி கழித்தா? முன்னது என்றால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்குப் பின்னது என்றால் பதற ஒன்றுமில்லை. இருப்பை எழுதாமல் இலக்கை எழுதாதீர்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? காலை எடை, ரத்த அழுத்தம், தூங்கும் நேரம், ஒரு வாரம் வாயில் போட்டதெல்லாம், இடுப்புச் சுற்றளவு. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டக் கூடாது. இதெல்லாம் ஒரு பக்கத்தில் இருந்தால்தான் ஐந்தொகை, அதாவது இருப்புக் கணக்கு, போட முடியும்.

கவுனி அரிசி சர்க்கரை நோய்க்கு நல்லதாமே? – பள்ளத்தூர்

அரிசியைக் குறை சொல்லவில்லை. அதில் கொட்டிக் கிளறும் சீனியைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பிள்ளையார் நோன்புக்கு 21 நாள் எண்ணுவதுபோல, 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். 22ஆம் நாளே நடை நின்றுவிட்டது. என்னிடம் என்ன கோளாறு? – தேவகோட்டை

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. கோளாறு உங்களிடம் இல்லை, அந்த எண்ணில். நோன்புக் கணக்கு வேறு. திருக்கார்த்திகையிலிருந்து நாள் எண்ணி, 21 இழைத் திரியை மாவுப் பிள்ளையாரில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டால் நோன்பு நிறைந்தது. நிறைவதற்கென்றே வைத்த கணக்கு அது. பழக்கத்துக்கு நிறைவு நாள் ஏது?

1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை செய்த முகம் நோயாளிக்குப் பழக 'குறைந்தது' 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் 'குறைந்தது' என்ற சொல்லைத் தின்றுவிட்டார்கள். 2009இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வில் 96 பேரைக் கவனித்தார்கள். பழக்கம் படியச் சராசரியாக 66 நாள்; ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று ஆளுக்கு ஆள் மாறியது. உடற்பயிற்சி படியத்தான் அதிக நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய சேதமில்லை என்பதும் அதில் தெரிந்தது. காசு வாங்கி '21 நாள் சவால்' நடத்துகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். 22ஆம் நாள் போனையும் எடுக்க மாட்டார்கள்.

ஆகவே 12 வாரம் வையுங்கள். 'காலையில் நடப்பேன்' என்று எழுதாமல், 'காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்' என்று எழுதுங்கள். செருப்பு முகப்பில் கண்ணில் படும்படி இருக்கட்டும். மழையா, உடம்பு முடியவில்லையா, அன்றைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு நாள் விடலாம். அடுத்தடுத்து இரண்டு நாள் விடக் கூடாது.

கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வரிசையாக விசேஷம். திட்டம் நிற்பதே இல்லை. – புதுவயல் ஆச்சி ஒருவர்

பத்திரிகை கைக்கு வந்த அன்றே காலண்டரில் வட்டமிடுங்கள். 12 வாரத்தில் மூன்று வாரம் விசேஷம் என்றால் ஒன்பது வாரத்துக்கான இலக்கை மட்டும் வையுங்கள். கந்தரப்பம் ஒன்று, வெள்ளைப் பணியாரம் இரண்டு என்பதைப் பந்தியில் உட்காருமுன் முடிவு செய்ய வேண்டும்; பரிமாறுகிறவர் 'இன்னும் ஒண்ணு ஆச்சி' என்று குனிந்த பிறகு முடிவெடுத்து ஜெயித்தவர் இல்லை. உண்மையில் கெடுப்பது பந்தி அல்ல, வீட்டுக்கு வரும் பலகார டின். மனகோலமும் சீப்புச்சீடையும் அடுப்படியில் இருந்தால் போகும்போது ஒரு பிடி, வரும்போது ஒரு பிடி. அன்றே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வயது 63. பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டேன். பலவீனத்தில் 'சோம்பேறித்தனம்' என்று எழுதியதோடு நிற்கிறது. – கானாடுகாத்தான்

அது வசவு, தகவல் அல்ல. 'இரவு 12 வரை டிவி, எழும்போது எட்டு, அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது' என்று எழுதிப் பாருங்கள். திருத்த வேண்டிய இடம் கண்ணில் படும். சித்திரை வெயிலில் வெளியே போக வேண்டாம். உங்கள் ஊர் வீடுகள் தெருவுக்குத் தெரு நீள்பவை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை எத்தனை அடி என்று ஒருமுறை அளந்துகொண்டு உள்ளேயே நடங்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். பிள்ளைகள் வெளியூர் என்றால், ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் திறக்க யார் என்பதை ஆபத்துக் கட்டத்தில் பெயரோடு எழுதுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரையையே இலக்காக வைக்கலாமா? சர்க்கரை உண்டு. – குன்றக்குடி

வைக்கலாம், தேதியைத் தள்ளிப்போட முடியாத இலக்கு. 12 வாரம் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். இங்கும் முதலில் இருப்பு: மருத்துவரிடம் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மரத்துப்போன காலில் கொப்புளம் வலிக்காது, புண்ணான பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். எட்டாவது வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நீள நடை நடங்கள். ஆளைச் சாய்ப்பது முதல் நாளல்ல, வலியோடு எழும் மறுநாள். பையில் குளுக்கோஸும், இரவில் உள்ளங்காலைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியும் இருக்கட்டும்.