வாங்குவோர் கேள்வி-பதில்: ஒரு பல் தள்ளிப் போனால்

பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினை வீட்டிலேயே இறக்கி ரிங் மாற்றினேன். டைமிங் செயின் புதிது. இரண்டு பல்சக்கரத்துப் புள்ளிகளும் நேருக்கு நேர் நிற்கின்றன. செல்ஃப் அடித்தால் கார்பரேட்டர் வழியாக 'டப்' என்று திருப்பி அடிக்கிறது, பற்றவில்லை. கார்பரேட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். வாங்கவா?
— காரைக்குடி வாசகர்

பர்ஸை உள்ளே வையுங்கள். பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான், செயின் வழியாகச் சுற்றி வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு ஒரு சுற்று. அதனால் ஒன்றாம் நம்பர் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும்: ஒரு தடவை நெருப்புப் பிடிக்க, இன்னொரு தடவை புகையைத் தள்ள. நீங்கள் புகை தள்ளும் நேரத்துக்கு, பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துப் பூட்டிவிட்டீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். ராக்கர் கவரைக் கழற்றி, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நாலாம் நம்பரில் ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்கும்போதே மற்றது திறக்க ஆரம்பிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். ஒன்றாம் நம்பரின் வால்வுகளை அழுத்தும் இரண்டு ராக்கரும் விரலால் தொட்டால் லேசாக ஆடும். அந்த நிலையில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒன்றாம் நம்பர் வயரைப் பார்க்க வேண்டும். நேர் எதிரே பார்த்தால், 1-3-4-2 என்ற நெருப்புப் பிடிக்கும் வரிசை கலையாமல் நாலு வயரையும் எதிர்ப்பக்கம் மாற்றிக் குத்துங்கள். செலவு எதுவும் இல்லை.

டைமிங் பெல்ட் மட்டும் மாற்றுகிறேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் நன்றாகத்தான் சுற்றுகிறது, சத்தமும் இல்லை. அதையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். காசு பிடுங்குகிறாரா?
— ஈரோடு வாசகர்

இல்லை. வாங்குங்கள்.

ஹெட் வேலை முடித்துப் பூட்டிய பிறகு மேட்டில் வண்டி இழுக்கவில்லை. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் குறைவு, கிட்டத்தட்ட ஒரே அளவு. சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி) பிஸ்டன் செட் போட வேண்டும் என்கிறார்கள்.
— தேனி வாசகர்

போன வாரம் வரை மேடு ஏறிய வண்டியில் நாலு சிலிண்டரும் ஒரே நாளில், ஒரே அளவு தேயுமா? ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் ஒன்று கூட, ஒன்று குறையத்தான் காட்டும். நாலும் சேர்ந்து இறங்கினால் முதல் சந்தேகம் கேம் டைமிங் மேல்தான். கேம் சக்கரத்தில் 40 பல் என்று வையுங்கள். ஒரு பல் பிசகினால் கேமில் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. இன்டேக் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

சரிபார்க்கும்போது கிராங்க் முனைப் புல்லியில் உள்ள கோட்டை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் ரப்பர் வைத்த புல்லிகளில் வெளி வளையம் வழுக்கி நகர்ந்திருந்தால் கோடு வேறு இடத்தில் நிற்கும். பிளக்கைக் கழற்றி ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வருவதைக் கண்ணால் பாருங்கள்.

அப்புறம், அந்த கம்ப்ரஷன் மீட்டர் யாருடையது? நான் ஒருமுறை ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன். நாலிலும் குறைவு காட்டியது. நம்பி ஹெட்டை இறக்கி, கேஸ்கெட் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தேன். கடைசியில் மீட்டரின் ஓஸ் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி குமிழியாக வருகிறது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர். வீடியோ பார்த்து செயின் கிட் மாற்றினேன். லாக்கிங் பின் செட் விலை அதிகம் என்று வாங்கவில்லை, பெயிண்டால் குறி வைத்துக்கொண்டேன். செல்ஃப் அடித்ததும் 'டக்' என்று நின்றுவிட்டது. தரமில்லாத கிட் விற்றதாகக் கடைமேல் புகார் கொடுக்கலாமா?
— ஓசூர் வாசகர்

கடை என்ன செய்தது? கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு பின் செட்டில் மிச்சம் பிடித்தது நீங்கள். அந்த இன்ஜினில் கேமையும் கிராங்கையும் பின் போட்டு நிறுத்தித்தான் செயின் ஏற்ற வேண்டும். பெயிண்டைப் பழைய செயினில் வைத்தீர்கள், அது இப்போது குப்பையில் கிடக்கிறது. சரி, அதையும் விடுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்தீர்களா? வால்வு பிஸ்டனில் இடித்தால் கை நின்றுவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் நிற்காது. இனி சாவியைத் தொடாதீர்கள். வால்வு, ராக்கர் இரண்டையும் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு.

'கம்பெனி ஐட்டம்' என்று டென்ஷனர் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் பேரிங் நொறுங்கி, பெல்ட் வழுக்கி, வால்வுகள் வளைந்துவிட்டன. பெட்டியைப் பார்த்தால் கம்பெனி பெயரிலேயே எழுத்துப்பிழை. கடையில் 'நாங்க விற்கவே இல்லை' என்கிறார்கள். என்னிடம் இருப்பது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு மட்டும்.
— மதுரை வாசகர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. எஸ்டிமேட் என்றால் உத்தேசக் கணக்கு. காசை வாங்கி, பொருளையும் கொடுத்த பிறகு என்ன உத்தேசம் வேண்டிக் கிடக்கிறது? அந்தச் சீட்டில் கடைப்பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது, பார்ட் நம்பர் இருக்காது. 'பில் போட்டா 18 பர்சென்ட் ஏறும் சார்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நமக்கென்று ஏதோ சலுகை செய்வதுபோல இருக்கும். நானும் ஏமாந்தேன். ரீகண்டிஷன் பண்ணிய ஹெட் ஒன்றை இப்படித்தான் வாங்கினேன். வால்வு சீட்டுகளுக்கு நடுவே இருந்த விரிசலில் பசையைப் பூசி, மேலே சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். திரும்பப் போய் நின்றபோது 'இது எங்க சீட்டே இல்லையே' என்றார் கடைக்காரர். சீட்டில் கடைப்பெயர் இல்லாததால் எனக்கு வாயடைத்துப் போனது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். உங்கள் புகாரில் இதைத் தனியாக எழுதுங்கள்.

ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். உடைந்த டென்ஷனரையும் பெட்டியையும் 'பார்த்துட்டுத் தரோம்' என்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். என்ன உடைந்தது, எதனால் என்று ஹெட் வேலை பார்த்த பட்டறையில் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. டென்ஷனர் விலையோடு நிற்காமல் வால்வு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்.

கழற்றிய டைமிங் பெல்ட், வெடிப்பே இல்லை, 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. போடலாமா?
— விருதுநகர் வாசகர்

கழற்றியவர் ஏன் கழற்றினார் என்று கேட்டீர்களா?