புளித்த மாவுப் பண்டங்கள் கூடாத யூதப் பண்டிகையான பாஸ்காவில் அரிசி உண்ணலாமா? ஒரே யூதச் சட்டநூலில் இரண்டு பதில் இருப்பது ஏன்?

நீங்கள் பார்த்தது 16ஆம் நூற்றாண்டு யூதச் சட்டத் தொகுப்பான ‘ஷுல்ஹான் அரூக்’காக இருக்கும். அன்றாட வழிபாடு, பண்டிகைகள் பற்றிய ஓராஹ் ஹயீம் பகுதியின் 453ஆம் அத்தியாயத்தைத் திறந்தால் குழப்பம் தீரும். அரிசி புளித்த மாவாகாது, சமைக்கலாம் என்கிறார் நூலாசிரியர் யோசேப் காரோ. உடனடியாக அடுத்த வரியில், அஷ்கெனாசி (ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கப்படி கூடாது என்கிறார் மோசே இஸ்ஸர்லெஸ். முன்னவர் இன்றைய இஸ்ரேலின் சஃபேத் நகரில் இருந்த செபார்தி (ஸ்பெயின் வழி யூத மரபு) அறிஞர். பின்னவர் போலந்தின் கிராக்கோவ்காரர்.

காரோவின் முறை எளிது: அல்ஃபாசி, மைமோனிடிஸ், ஆஷேர் பென் யெஹியேல் என்ற இடைக்காலச் சட்ட அறிஞர் மூவரில் பெரும்பாலும் இருவர் சொன்னதே தீர்ப்பு. மூவரில் இருவர் செபார்தி மரபினர் என்பதால் அஷ்கெனாசி வழக்கம் அடிபட்டுப்போனது. அதைத்தான் இஸ்ஸர்லெஸ் குறிப்புகளாக இடையில் செருகினார். காரோ நூலுக்கு ‘விரித்த மேசை’ என்று பெயரிட, இவர் தம் குறிப்புகளுக்கு ‘மேசை விரிப்பு’ என்று பெயர் வைத்தார், குறும்புக்காரர்தான்!

வழக்கமான அச்சில் காரோவின் சொற்கள் சதுர எபிரேய எழுத்திலும், இஸ்ஸர்லெஸின் சொற்கள் ‘ராஷி’ எனும் வளைந்த எபிரேய எழுத்திலும் இருக்கும். சதுர எழுத்தை மட்டும் படித்துவிட்டு முடிவுகட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை.

அத்தியாய எண்கள் 14ஆம் நூற்றாண்டு யாக்கோப் பென் ஆஷேரின் நான்கு பகுதி நூலான ‘தூர்’ வரிசையையே பின்பற்றுகின்றன. அதனால் காரணம் வேண்டுமென்றால் அங்கே அதே எண்ணைப் புரட்டுங்கள். மைமோனிடிஸின் 14 புத்தகத் தொகுப்பில் இந்த எண் உதவாது. ஆனால் ஆலயப் பலிச் சட்டங்கள் வேண்டுமென்றால், இம்மூன்று நூல்களில் அங்கேதான் கிடைக்கும்.