வெள்ளவத்தையில் 3 பேர்ச் நிலம்: பறவையும் வண்ணத்துப்பூச்சியும் வர என்ன நடலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஏறக்குறைய 3 பேர்ச் நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும் தோட்டமாக அதை மாற்ற விரும்புகிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் வார இறுதியில் மட்டுமே கவனிக்க முடியும். இருக்கின்ற ஒரேயொரு கறிவேப்பிலையையும் புழுக்கள் மொட்டையடிக்கின்றன. பக்கத்து வீட்டார் மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தால் டெங்குப் பரிசோதனையில் சிக்கல் வருமா என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். கறிவேப்பிலையை அப்படி மொட்டையடிப்பவை பெரும்பாலும் நீங்கள் வரவழைக்க விரும்பும் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களே. இலையை அருகில் சென்று பாருங்கள். தளிரில் கடுகளவு மஞ்சள் முட்டை தனித்தனியாக ஒட்டியிருக்கும். இளம் புழு பறவை எச்சத்தைப் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சை நிறமாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடும் வாசனையை வெளிவிடும். மரம் இதனால் செத்துவிடாது, மீண்டும் தளிர்க்கும். சமையலுக்கு இன்னொரு கன்றை நட்டு, பழைய நுளம்பு வலையால் மூடிவிடுங்கள். முதல் மரத்தைப் புழுக்களுக்கே விட்டுவிடலாம். அதைப் பழுக்கவும் விட்டால், அந்தக் கரும்பழங்களைத் தேடிக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும்.

உங்கள் நிலத்துக்கு உண்மையான இடைஞ்சல் உப்புக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக உங்கள் பக்கம் வீசுவதால், மே மழையை நம்பி நடப்படும் இளங்கன்றுகளின் இலை நுனி கருகிவிடும். ஆகவே ஒக்டோபர் மழையில் நடுங்கள். அதன்பின் காற்று தரைப்பக்கமிருந்து வீசும் மாதங்களில் வேர் பிடித்து, அடுத்த மே மாதத்துக்குள் செடி தாக்குப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். இடையில் ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் மட்டும் வாரம் இரண்டு முறை நன்றாக நனையும்படி தண்ணீர் விட வேண்டும். முதலாண்டு கடந்தபின் இந்த வேலையும் பெரும்பாலும் இராது.

கடல் நோக்கிய எல்லையில், யாழ்ப்பாணத்து வேலிகளில் கதியாலாக நாட்டுவார்களே, அந்தப் பூவரசையும் நொச்சியையும் நெருக்கமாக நடுங்கள். இரண்டும் உப்பைத் தாங்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். அந்த வேலியின் மறைவில் வெட்சியையும் செவ்வரத்தையையும் வைத்தால் தேன்சிட்டு வரும். அடுக்குப்பூவை விட ஒற்றைப்பூச் செவ்வரத்தையே நல்லது, ஏனெனில் அதில்தான் தேன் எளிதில் எட்டும். வேலியில் ஆடுதின்னாப்பாளைக் கொடி ஒன்றையும் ஓரமாக ஓர் எருக்கலையையும் வளர்த்தால், அவற்றிலன்றி வேறு செடிகளில் எளிதில் முட்டையிடாத வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இடம் கிடைக்கும். எருக்கலைப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் பறவைகளுக்காக ஜாம் மரம் நடுகிறார்கள். பறவைகள் வருவது உண்மைதான், ஆனால் கிளைகள் காற்றில் எளிதில் முறியும், இரவில் வௌவால்கள் சுவரை அழுக்காக்கும் என்பதால் இந்தச் சிறிய இடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உதிரும் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை முற்றாக நிறுத்துங்கள். செடிகளின் அடியில் மூன்று அங்குலத் தடிப்புக்குச் சருகையும் தும்புச்சோற்றையும் பரப்பினால், மணல் நிலம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், களை குறையும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைப் புரட்டி இரை தேடும். வீட்டுச் சுவரையொட்டி மூன்றடிக்கு மட்டும் வெறுமையாக விடுங்கள். பாம்பு பற்றிய பயம் இருந்தாலும் அதுவே போதும். மழைக்காலத்தில் பெருகும் ஆபிரிக்க நத்தைகளை மாலையில் கையுறையோடு பொறுக்கி, உப்புக் கரைசலில் போட்டு அழிக்க வேண்டும்.

தண்ணீர் வைக்கலாம். டெங்கு நுளம்பு பாத்திரத்தின் ஓரத்தில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தண்ணீரை ஊற்றிவிட்டு மீண்டும் நிரப்புவது போதாது. இரண்டங்குல ஆழமுள்ள அகன்ற மண்தட்டொன்றை வைத்து, புதனும் ஞாயிறும் தூரிகையால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் அல்லது அதற்கு மேல் தேவைப்படுவதால், இந்த இடைவெளியில் அது வளர முடியாது. வெளியூர் செல்லும் நாட்களில் தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுக்காரரையே பொறுப்பாளியாக்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தேடுவது தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, இலையிடுக்கில் நீர் தேங்கும் அலங்காரச் செடி போன்றவற்றையும்தான். ஆகவே பூச்சாடித் தட்டுகளில் மணல் நிரப்புங்கள், அத்தகைய செடிகளை வாங்காதீர்கள். பூனை பதுங்க முடியாதபடி தண்ணீர்த்தட்டு புதரிலிருந்து ஆறடி தள்ளியிருக்கட்டும்.

கத்தரிப்பு ஆண்டுக்கு ஒருமுறை போதும், செப்டெம்பர் கடைசியில் செய்யலாம். வெட்டுமுன் வேலிக்குள் கையை விட்டுக் கிளைகளை விலக்கிப் பாருங்கள், ஏனெனில் கொண்டைக்குருவி மார்பளவு உயரத்திலேயே கூடு கட்டும். கூடு இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, மறுபக்கத்தை வெட்டுங்கள். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும்.