மோட்டரை விடுங்கள், முதலில் புட்வால்வைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு கோண்டாவிலில். கிணற்றிலிருந்து மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் காலையில் போட்டால் வெறுமனே இரைகிறது, தண்ணீர் ஏறாது. பம்பின் மூடியைக் கழற்றித் தண்ணீர் விட்டால் ஏறும். பகலில் அடுத்தடுத்துப் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. பார்க்க வந்தவர், மோட்டர் தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். தண்ணீர் விட்டதும் ஒழுங்காக ஏறுகிறது, பகலில் தொல்லை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்த பம்ப் காலை, பகல் பார்த்து வேலை செய்யாது. இரவில் பைப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் மெல்ல மெல்லக் கிணற்றுக்கே திரும்புகிறது. அதைத் தடுத்து வைத்திருப்பது பைப்பின் அடி நுனியில் இருக்கும் புட்வால்வு. பம்ப் காற்றை இழுக்காது. பைப் நிறையத் தண்ணீர் இருந்தால்தான் அது மேலும் இழுக்கும்.

நம்முடைய யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்புதான் வால்வின் றப்பர் வாசர் உட்காரும் விளிம்பிலும் படிகிறது. அதில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலே போதும், வால்வு முழுசாக மூடாது.

ஆனால் பைப் மூட்டு ஒழுகினாலும் இதே அறிகுறிதான். எது என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. காலையில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றி விளிம்புவரை தண்ணீர் விடுங்கள். மூட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் பொறுங்கள். மட்டம் இறங்கி, எங்காவது ஒரு மூட்டு நனைந்திருந்தால் அங்கேதான் ஒழுக்கு. கிணற்றுக்குள் இருக்கும் மூட்டுகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தும் மட்டம் இறங்கினால் புட்வால்வுதான். மட்டம் அசையவே இல்லை, ஆனாலும் தண்ணீர் ஏறவில்லை என்றால்தான் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வால்வை மாற்றக் கிணற்றுக்குள் இறங்க வேண்டியதில்லை, இறங்கவும் கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, பைப்பைப் பம்ப் பக்கத்தில் கழற்றி, இரண்டு பேராகப் பிடித்து மேலே தூக்குங்கள். நீளமான பீவீசி பைப் பாரத்தால் அல்ல, வளைந்துதான் முறியும். அதனால் ஒருவர் கட்டருகே நின்று அதை நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் பக்கத்தில் யூனியன் (கழற்றிப் பூட்டக்கூடிய மூட்டு) இல்லையென்றால் இந்த முறையே ஒன்று போட்டுவிடுங்கள், அடுத்த தடவை அறுக்கத் தேவையிருக்காது.

வெளியே எடுத்த வால்வு பித்தளையாக இருந்து, றப்பரும் வெடிக்காமல் இருந்தால் எறியாதீர்கள். வினாகிரியில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுப் பழைய பல் தூரிகையால் தேயுங்கள், தேசிக்காய்ச் சாறும் சரி. மலசலகூடம் கழுவும் அசிட் வேண்டாம், பித்தளையை அரித்துவிடும். பிறகு வால்வை நிமிர்த்திப் பிடித்து மேல் வாயில் தண்ணீர் விடுங்கள். ஒரு சொட்டும் கீழே வராவிட்டால் இன்னும் பாவிக்கலாம். ஒழுகினால் அதே அளவில் புதிது வாங்குங்கள். விலை குறைந்த பிளாஸ்ரிக் வால்வை விட ஸ்பிரிங் உள்ள பித்தளை வால்வையே நான் சொல்வேன். மரையில் திரெட் ரேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே கழன்றுவரும். பசை போட்ட மூட்டுகளை நன்றாகக் காயவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும்.

ஆழம் பற்றி யாரும் கேட்பதில்லை, பாதிப் பிரச்சினை அதில்தான். கிணற்று மட்டம் ஆவணி, புரட்டாதியில்தான் மிகவும் இறங்கும். மாரியில் மட்டம் பார்த்து வால்வை வைத்தால் அந்த மாதங்களில் அது காற்றைக் குடிக்கும். கோடை மட்டத்துக்கு ஓர் அடி கீழே வையுங்கள். அதற்காக அடியில் முட்டவும் விடாதீர்கள், சேறு ஏறும். கரையோரத்து வீடுகளில் இன்னொரு சங்கடம்: நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே மிதப்பதால், ஆழத்திலிருந்து இழுக்க இழுக்கத் தண்ணீர் உவரும். வால்வு நேராகத் தொங்க வேண்டும். பம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து 25 அடிக்கு மேல் உயரத்தில் இருந்தால் என்ன வால்வு போட்டாலும் இழுப்புக் குறையும். கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் பைப் பம்பை நோக்கிச் சற்றே ஏறிப் போக வேண்டும், நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்றுத் தங்கும்.

வால்வு மாற்றும்வரை தண்ணீர் விடாமல் மோட்டரைப் போடாதீர்கள். சுழலும் தண்டு வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் தடுக்க உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் சீல் ஓடும் தண்ணீரில்தான் குளிர்கிறது, வெறுமனே ஓடினால் கருகும். பம்புக்கும் மோட்டருக்கும் நடுவில் இப்போதே சொட்டுச் சொட்டாக ஒழுகினால் சீல் போய்விட்டது. அதையும் தனியாக மாற்றலாம்.