நண்பர்களோட சேர்ந்து பாழடைஞ்ச கட்டடங்களுக்குப் போய் போட்டோ எடுக்கணும்னு ஆசை, எப்படி ஆரம்பிக்கறது?

முதல்ல அனுமதி வாங்குங்க. கேஸ் ஆயிடும்னு பயந்துதான் பொதுவா இதைச் சொல்வாங்க, நான் போட்டோவுக்காகவே சொல்றேன். சுவர் ஏறிக் குதிச்சு உள்ள போனா காது பூரா வெளியதான் இருக்கும், யாரோ வர்ற மாதிரி இருக்கேன்னு அவசர அவசரமா நாலு கிளிக் அடிச்சுட்டு ஓடி வந்துடுவோம். ஒரு பழைய ஹால்ல சாயங்கால வெயில் ஜன்னல் வழியா தரையில விழுந்து, அப்படியே மெல்ல நகர்ந்து எதிர்ச் சுவர்ல ஏறுற வரைக்கும் உக்காந்து பாக்கணும்னா கையில நேரம் வேணும், அந்த நேரம் சாவி வாங்கிட்டுப் போறவங்களுக்குத்தான் கிடைக்கும்.

ஓனர் யாருன்னு கண்டுபிடிக்கறதுக்கே அலைய வேண்டியிருக்கும். எத்தனை பேர் வர்றோம், எதுக்கு எடுக்கறோம், அடிபட்டா பொறுப்பு எங்களோடதுன்னு எழுதிக் குடுங்க. மாட்டேன்னு சொன்னா விட்டுடுங்க, வேற இடம் பாக்கலாம். பெர்மிட்டோ டிக்கெட்டோ வாங்கிட்டுப் போற இடங்களும் இருக்கு, அதையும் சாதாரணமா நினைக்காதீங்க. நமீபியாவுல கோல்மன்ஸ்கோப்னு ஒரு ஊர், 1908ல அந்தப் பக்கம் வைரம் கிடைச்சு உருவாச்சு, 1956ல ஆளே இல்லாம காலியாயிடுச்சு, இப்ப ரூம் ரூமா பாலைவன மணல் ஏறிக் கிடக்கு, பெர்மிட் எடுத்துட்டு நிதானமா நடந்து எடுக்கலாம். ஜப்பான்ல ஹாஷிமா தீவு 1974ல நிலக்கரிச் சுரங்கத்தை மூடினதும் காலியாச்சு, 2009லேர்ந்து டூரிஸ்ட்டை விடறாங்க, ஆனா போட்டிருக்கற நடைபாதையைத் தாண்ட விடமாட்டாங்க. காரணம் இருக்கு, அங்க 1916ல கட்டின கான்கிரீட் அபார்ட்மென்ட் இன்னைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இடிஞ்சு விழுந்துட்டிருக்கு.

கான்கிரீட் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சா பாதி ஆபத்தை வெளியில நின்னே கண்டுபிடிச்சுடலாம். உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சா ஊதிப் பெருசாகும், அது மேல இருக்கற கான்கிரீட்டைப் பொளந்து தள்ளும், அதனால கூரையில கம்பி வெளிய தெரியுது, கீழ சில்லு சில்லா கொட்டிக் கிடக்குதுன்னா அதுக்கு அடியில நிக்கவே கூடாது. மரத் தளம்னா ரூம் நடுவுல நடக்காம சுவரை ஒட்டி நடங்க, ஒருத்தர் கடந்து போனப்புறம் அடுத்தவர் போகணும், சேர்ந்து ஒரே இடத்துல நிக்கக் கூடாது. பழைய கூரை ஷீட்லயும் பைப் மேல சுத்தின பொதியிலயும் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சுல போனா நுரையீரலைக் கெடுக்கற நார்) இருக்கலாம், அதைத் தொடாதீங்க உடைக்காதீங்க, நொறுங்கிக் கிடந்தா அந்த ரூமே வேண்டாம். புறா எச்சம் வௌவால் எச்சம் மெத்தையா கிடக்கற இடமும் அப்படித்தான், அந்தத் தூசியிலேர்ந்து நுரையீரல்ல பூஞ்சைத் தொற்று வரலாம். காத்தோட்டம் இல்லாத அண்டர்கிரவுண்ட் ரூம், தொட்டி, இதுக்குள்ள எல்லாம் இறங்கவே இறங்காதீங்க, இரும்பு துருப்பிடிக்கறதே அங்க இருக்கற ஆக்சிஜனைக் குடிச்சிடும், மூச்சு முட்டுதுன்னு தெரியறதுக்குள்ள ஆள் சாஞ்சுடுவான்.

இப்ப நண்பர்கள் விஷயம், எனக்கு இதுல ரொம்ப முக்கியமானது இதுதான். மூணு பேராவது வேணும், ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் கூட இருக்கலாம், இன்னொருத்தர் உதவிக்கு ஓடலாம். ரொம்பப் பெரிய கும்பலும் வேண்டாம், எல்லா ஃப்ரேம்லயும் யாரோ ஒருத்தர் முதுகு தெரியும். எங்க குரூப்ல ஒரு பழக்கம், ஒருத்தர் கேமராவுல கண்ணை வச்சா பக்கத்துல இன்னொருத்தர் கேமராவைத் தொடாம அவரோட காலை மட்டும் பாத்துட்டு நிக்கணும். ஏன்னா போட்டோ எடுக்கறவங்க இன்னும் கொஞ்சம் ஃப்ரேம்ல வரட்டும்னு பின்னாடி ஒரு அடி வைப்போம், அந்த ஒரு அடிதான் இந்த மாதிரி இடத்துல பயம், பின்னாடி கைப்பிடி இல்லாத படிக்கட்டோ கதவில்லாத லிஃப்ட் குழியோ இருக்கலாம். இதைச் சலிக்காம செய்யற ஆளைக் கூட்டிட்டுப் போங்க, அவருக்கு போட்டோ எடுக்கத் தெரியலைன்னாலும் பரவால்ல. வெளியில ஒருத்தருக்கு இடத்தையும் திரும்புற நேரத்தையும் சொல்லிட்டுப் போங்க.

எடுக்கறதுக்கு காஸ்ட்லி கேமரா தேவையில்ல, டிரைபாட் கட்டாயம். உள்ள இருட்டு, ஜன்னல் பளீர், ஒரே எக்ஸ்போஷர்ல ரெண்டும் வராது, அதனால ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டணுங்கற அளவு) 100, எஃப் (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்குங்கற அளவு) 8 வச்சு சாதாரணமா ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் குறைச்சு ஒண்ணு, ரெண்டு ஸ்டாப் கூட்டி ஒண்ணு எடுத்து (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு கூடறது, இல்ல பாதியா குறையறது) அப்புறம் மூணையும் கம்ப்யூட்டர்ல ஒரே படமா சேத்துக்கலாம். சுத்தமா வெளிச்சமே இல்லாத ரூம்ல ஷட்டரை முப்பது செகண்ட் திறந்து வச்சுட்டு நண்பர் ஒருத்தர் டார்ச்சை நகர்த்திட்டே இருக்கணும், கேமரா பக்கத்துலேர்ந்து அடிச்சா சுவர் தட்டையாத் தெரியும், ஓரத்துலேர்ந்து சாய்ச்சு அடிச்சாதான் உரிஞ்ச பெயின்ட்டோட ஒவ்வொரு சுருளும் நிழலோட எழுந்து நிக்கும். லென்ஸை உள்ள வச்சு மாத்தாதீங்க, தூசி உள்ள படம் பதியற சென்சார்ல போய் உக்காரும்.

ஒண்ணே ஒண்ணு மனசார கேட்டுக்கறேன், எதையும் நகர்த்தி வச்சு எடுக்காதீங்க. உக்ரைன்ல செர்னோபில் அணு உலைக்குப் பக்கத்துல இருந்த பிரிப்யாட் ஊர்ல, அந்த உலை விபத்துக்கு மறுநாள், 1986 ஏப்ரல் 27, கிட்டத்தட்ட 49,000 பேரை பஸ்ல ஏத்தி வெளியேத்தினாங்க, அவங்க விட்டுட்டுப் போன பொம்மையை எல்லாம் பின்னாடி வந்தவங்க கட்டில் மேல உக்கார வச்சு மூஞ்சியில கேஸ் மாஸ்க் மாட்டி எடுத்திருக்காங்க. அந்தக் குழந்தை அந்தப் பொம்மையை எங்க போட்டுட்டுப் போச்சுங்கறது இனி யாருக்கும் தெரியாது. எனக்கு அது பொய்ப் படம், எவ்வளவு லைக் வந்தாலும். நாற்காலி குப்புற விழுந்து கிடந்தா குப்புறவே எடுங்க. ஆஸ்பத்திரி, ஸ்கூல் மாதிரி இடத்துல பேர் போட்ட ஃபைல் கிடந்தா ஃப்ரேம்ல விடாதீங்க, அந்த ஆள் எங்கயோ உயிரோட இருக்கலாம்.

படத்தை ஆன்லைன்ல போடும்போது லொகேஷன் போடாதீங்க, போன்ல எடுத்ததுன்னா படத்துக்குள்ளயே ஜிபிஎஸ் பதிவாகியிருக்கும், அதை எடுத்துட்டு அப்புறம் போடுங்க. இடம் தெரிஞ்சா அடுத்து வர்றது காப்பர் வயர் உருவறவங்களும் கண்ணாடி உடைக்கறவங்களும்தான்.

படத்தை எல்லாம் தேதி, மாடி, ரூம்னு பேர் வச்சு பத்திரப்படுத்துங்க. அமெரிக்காவுல டெட்ராய்ட்ல மிச்சிகன் சென்ட்ரல்ங்கற ரயில்வே ஸ்டேஷன் 1988ல மூடி வருஷக்கணக்கா பாழா கிடந்துச்சு, 2018ல ஃபோர்டு கம்பெனி வாங்கிச் சரி பண்ணி 2024ல திறந்தாங்க, அது நடுவுல எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்னா இப்ப போட்டோலதான் பாக்க முடியும். ஓனருக்கும் ஒரு செட் காப்பி குடுங்க, இடிக்கறதுக்கு முன்னாடி ஒருவேளை அவரே கூப்பிட்டுச் சாவி குடுப்பார்.